வேண்டாம் என்று சொன்ன ஆட்டக்காரன்

சரவணா,

நேற்றுக் காலைதான் போனில் பேசினோம். சாப்பிட்டாயா என்று நான் கேட்டேன், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாயா என்று நீ கேட்டாய். அதனால் நலம் விசாரிப்பதில் பக்கத்தை வீணாக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனை வைக்கப் போகிற நேரத்தில் நீ ஒன்று சொன்னாய். "பத்திரிகைக்குப் பேரெல்லாம் எழுதிக் குடுத்துடுப்பா. முடிச்சு போடச் சித்தப்பா பொண்ணு இருக்கா இல்ல, அவளே போடட்டும்." அவ்வளவுதான். வாணி என்கிற பெயரைக்கூட நீ சொல்லவில்லை. கூடப் பிறந்த தங்கை ஒருத்தி செங்கத்தில் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, உன் கல்யாணத்தில் தாலியின் இரண்டாவது முடிச்சையும் மூன்றாவது முடிச்சையும் போடச் சித்தப்பா மகளைத் தேடுகிறாய். நான் "சரிடா" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களா சொல்லுங்க. நான் சொன்னா பொம்பள பேச்சாப் பூடும்" என்றாள். ஆறு வருஷமாக அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நேருக்கு நேர் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முப்பத்து மூன்று வருஷம் கண்டக்டராக இருந்து, ஒரு பஸ் நிறைய ஆட்களை விசிலிலேயே அடக்கியவனுக்கு மகனிடம் பேச நாக்கு எழவில்லை என்றால் சிரிப்பாய். சிரித்துக்கொள். அதோடு, நான் தொடங்கப் போகிற இடமும் உனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். பேஸ்பாலில் இருந்து தொடங்குகிறேன். அமெரிக்காக்காரர்கள் ஆடுகிற அந்த மட்டைப்பந்துதான். அதை விட்டுவிட்டு இந்தக் கதையை எனக்குச் சொல்லத் தெரியாது.

மாடி அறையில் குடியிருந்த டோரிஸ் அம்மாவை உனக்கு நினைவிருக்கும். நீ ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம் அது. ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருக்கிற வெள்ளைக்காரர்கள் பங்குனி வெயில் ஏறினதும் மூட்டை கட்டிவிடுவார்கள். இந்த அம்மா மட்டும் போகவில்லை. ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவராம். நான் கண்டக்டர் என்று தெரிந்ததும், "நான் டிரைவர், நீங்கள் கண்டக்டர், நம் வண்டிக்கு ஆள்தான் இல்லை" என்றார். அவர் பேசியது இங்கிலீஷ், எனக்கு விளங்கியது தமிழ், நடுவில் கொஞ்சம் கை ஜாடை. அப்படித்தான் எங்கள் பேச்சு ஓடியது. அவர் ஊர் அமெரிக்காவின் மேற்குக் கரையில். அங்கே விளக்குப் போட்டு ஆட்டம் தொடங்குகிற நேரம், இங்கே நாம் இட்லி சாப்பிடுகிற நேரம். காலை ஏழரைக்கு அவர் லேப்டாப்பில் வர்ணனை ஆரம்பித்துவிடும். நான் காப்பி கொண்டுபோனவன் ஒரு நாள் நின்று கேட்டேன், மறுநாள் உட்கார்ந்து கேட்டேன், மூன்றாவது நாள் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மாடிக்கு ஏற்றிவிட்டேன். ரிட்டையர் ஆனவனுக்குக் காலையில் வேறு என்ன வேலை?

பங்குனியில் தொடங்கிப் புரட்டாசி வரை அநேகமாக தினமும் ஆட்டம். அந்த ஒரு சீசன் முழுவதையும் நான் கேட்டேன். டோரிஸ் அம்மா கட்டம் போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு பந்துக்கும் பென்சிலால் ஏதாவது குறிப்பார். யார் அடித்தான், யார் ஓடினான், யார் பந்தைக் கோட்டை விட்டான், எல்லாம் அதில் இருக்கும். அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், பிழைக்கென்றே ஸ்கோர் போர்டில் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். யார் செய்தான் என்று ஆள் பெயரோடு பதிவாகும். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகுகூட, அது அவன் பிழை இல்லை, இவன் பிழை என்று தெரிந்தால் மாற்றி எழுதுவார்களாம். "உங்க ஊர்ல பரவால்லம்மா" என்று சொன்னேன். அன்றைக்கு அதை விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அவர் டீமில் பந்து வீசுகிற இளைஞன் ஒருவன் இருந்தான். டோரிஸ் அம்மாவுக்கு அவன்மேல் உயிர். ஒரு நாள் அவன் வீச வீச எதிர் டீமில் ஒருத்தனாலும் ஒழுங்காக ஓர் அடி அடிக்க முடியவில்லை. ஆட்டம் பாதி தாண்டி முக்கால் ஆகிவிட்டது. டோரிஸ் அம்மா வாயைத் திறக்காமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சும்மா இருக்கக் கூடாதா? "இன்னாம்மா, ஒருத்தன்கூட இன்னும் அடிக்கலையே!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அடுத்த பந்திலேயே ஒருத்தன் அடித்தான். பென்சில் பறந்து வந்து என் நெற்றியில் விழுந்தது. பிறகுதான் விளக்கினார். கடைசி வரை ஒருத்தனும் அடிக்காமல் ஒரு முழு ஆட்டத்தை வீசி முடிப்பது பெரிய சாதனை. அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. கூட ஆடுகிறவர்கள் அவன் பக்கத்தில்கூடப் போய் உட்கார மாட்டார்களாம். கண்ணு படும் என்கிற பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று அதுவரை நினைத்திருந்தேன். மூன்று நாள் அவருக்கு நான் கொடுத்த காப்பி கசந்தது.

ஆடி மாதம் பிறந்தது. நமக்கு நல்லது எதுவும் பேசக்கூடாத மாதம், அவர்களுக்கு ஆள் மாற்றிக்கொள்கிற மாதம். ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் ஒரு டீம் இன்னொரு டீமிடம் தன் ஆட்டக்காரனைக் கொடுத்துவிட்டு அங்கேயிருந்து வேறு ஆளை வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பந்து வீசுகிற பையனைக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, அவன் ஓரமாக உட்கார்ந்திருக்கிறான், யாரோ வந்து காதில் சொல்கிறார்கள். கூட ஆடினவர்கள் ஒவ்வொருத்தராக வந்து கட்டிப் பிடிக்கிறார்கள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் கழித்து வேறு ஊர், வேறு நிறச் சட்டை. டோரிஸ் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். எனக்கோ கார்த்திகை தீபத்துக்கு நடக்கிற மாட்டுச் சந்தைதான் ஞாபகம் வந்தது. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து இரண்டு பேர் பேரம் பேசுவார்கள். மாடு பக்கத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

இதே மாதங்களில் நம் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். பாதி தெரியும். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து நம் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண்ணை நீ விரும்பினாய். பங்குனி உத்திரத்தில் பார்த்ததாக அம்மாவிடம் சொன்னாய், அம்மா என்னிடம் சொன்னாள். எனக்குச் சந்தோஷம். நல்ல குடும்பம், நல்ல பெண். நான் போய்ப் பேசினேன். அவர்கள் மணிலாக் கடலை காய்ந்துகொண்டிருந்த களத்து ஓரமாகக் கட்டிலைப் போட்டு உட்கார வைத்து, மோர் கொடுத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்கள். "எங்க பொண்ண உங்க பையனுக்குத் தர்றோம். உங்க பொண்ண எங்க பெரியவனுக்குக் குடுங்க. ரெண்டு கல்யாணத்தையும் ஒரே பந்தல்ல முடிச்சிடலாம்." பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம் பக்கத்தில் புதிதா என்ன? என் பெரியப்பா வீட்டில் நடந்திருக்கிறது, உன் அம்மா வழியில் நடந்திருக்கிறது. நான் யோசிக்கவே இல்லை. "அதுக்கின்னா, பேஷா செஞ்சுடலாம்" என்று சொல்லிவிட்டு, மிச்ச மோரையும் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். ஆடி கழியட்டும், ஆவணியில் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

இத்தனைக்கும் கேட்காமல் இடம் மாற்றினால் எப்படி வலிக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவன் இல்லை. நீ நாலாவது படிக்கும்போது என்னை டிப்போ மாற்றினார்கள். நோட்டீஸ் போர்டில் என் பெயரைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மூன்று வருஷம் வாரத்துக்கு ஒரு நாள் விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வந்தேன். வாணிக்கு அப்போதுதான் பேச்சு திருத்தமாக வந்துகொண்டிருந்தது, என்னைப் பார்த்து "கண்டக்டர் மாமா வந்துட்டாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டாள். தெருவே சிரித்தது. நான் கொல்லைப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து மனு மேல் மனுவாக எழுதினேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று அதிகாரியிடம் சண்டை போட்டதை உன்னிடமே நூறு முறை சொல்லியிருக்கிறேன். அப்படிச் சண்டை போட்ட மனுஷன்தான் களத்து மேட்டில் கட்டிலில் உட்கார்ந்து பெற்ற பெண்ணைப் பேசி முடித்துவிட்டு வந்தான்.

வாணியிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டேன் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் சொன்னேன் என்பதுதான் உண்மை. அப்போது அவள் கணக்கில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். அவள் கையில் இருந்த புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "அண்ணனுக்கு அந்தப் பொண்ண ரொம்பப் புடிச்சிருக்காப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப சரிப்பா" என்றாள். சரவணா, இந்த இடத்தை நீ இரண்டு முறை படிக்க வேண்டும். அவள் சரி என்றுதான் சொன்னாள்.

இப்போது மறுபடி மாடிக்கு வா. டோரிஸ் அம்மாவின் டீமில் வயதான ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். பதினைந்து வருஷமாக அதே டீம், அதே ஊர். அவரைக் கொடுத்தால் நல்ல இளம் பையன்கள் இரண்டு பேரைத் தருகிறோம் என்று ஒரு பெரிய டீம் கேட்டது. முதலாளிகள் பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டாம். பெரிய லீக்கில் பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே டீமில் இருந்தவனை, அவன் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. அவரிடம் போய்க் கேட்டார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டோரிஸ் அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கொதித்துப் போய் இருந்தார். "சுயநலம்! இவர் போயிருந்தால் டீம் பிழைத்திருக்கும். இன்னும் எத்தனை நாள் ஆடப் போகிறார்? ஒரு தியாகம் செய்யக் கூடாதா?" என்று பென்சிலை மேஜையில் குத்தினார். எனக்குப் பழைய டிப்போ கோபம் எல்லாம் உச்சிக்கு ஏறிவிட்டது. தமிழிலேயே கத்த ஆரம்பித்துவிட்டேன். "இன்னாம்மா பேசறீங்க? பதினஞ்சு வருஷம் ஒரே எடத்துல ஒழைச்சவரு. அவர ஒரு வார்த்த கேக்காம தள்ளி வுட்டுட முடியுமா? அவரு இன்னா மாடா? நாலு பேரு நல்லா இருக்கணும்னா, அதுக்கு அவரத்தான் தூக்கிக் குடுக்கணுமா?" அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. சட்டத்துக்காகப் போராடிய வக்கீல் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கீழே இறங்கினேன்.

படிக்கட்டில் வாணி நின்றிருந்தாள். துவைத்த துணி வாளி இடுப்பில். மாடிக்குக் காயப்போட வந்தவள், நான் கத்துவதைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டாள் போல. வழிவிட்டு ஒதுங்கினாள். "நல்லா பேசினப்பா மேல" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. சாம்பார் நல்லா இருந்துச்சுப்பா என்று சொல்வாளே, அந்தக் குரல்தான். அப்படியே மேலே ஏறிப் போய்விட்டாள்.

நான் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் துணியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது கேட்டேன், "வாணி, உனக்கு இதுல இஷ்டமாம்மா?" அவள் காலி வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். "சரின்னு சொல்லிட்டேனேப்பா." நான் விடவில்லை. "சரின்னு சொன்ன. இஷ்டமான்னு கேக்கறேன்." அவள் திருப்பிக் கேட்டாள். "வேணாம்னு சொன்னா இன்னாப்பா ஆவும்?"

வேணாம் என்றால் அண்ணன் கல்யாணம் நிற்கும், அப்பா வாக்கு போகும், சொந்தத்தில் பகை வரும், அத்தனைக்கும் இவள்தான் காரணம் என்று ஆகும். இவ்வளவையும் அவள் தலையில் அடுக்கி வைத்துவிட்டு, இஷ்டமா என்று கேட்கிறேன். அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. டிராக்டர் வைத்திருந்தான், குடியில்லை, பணிவானவன். மனப்பூர்வமாக அவள் சரி என்றிருந்தால் நானே முன்னால் நின்று நடத்தியிருப்பேன். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாத இடத்தில் ஒருத்தி சொல்கிற சரிக்கு என்ன அர்த்தம்? பிறந்ததிலிருந்து இருபத்து மூன்று வருஷம் ஒரே டீமில் இருந்தவள் என் மகள். அங்கே கூலிக்கு ஆடுகிற ஒருவருக்குப் பத்து வருஷத்தில் கிடைக்கிற மரியாதை இவளுக்கு இங்கே கிடைக்கவில்லை. அந்தப் படியில் உட்கார்ந்தே முடிவு செய்தேன். இது வேண்டாம் என்று.

முடிவு சரி. அதைச் சொன்ன விதத்தில்தான் நான் அயோக்கியன் ஆனேன். ஆவணி பிறந்த முதல் வாரம் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் நான்கு பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். "நான் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டேன், என் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லத்தான் காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தேன். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு எதையோ சொன்னது. "பொண்ணு ஒத்துக்க மாட்டேங்குது. ஒரே அழுவ. நான் இன்னா பண்றது, சொல்லுங்க?" அவர்கள் முகம் மாறியது, ஆனால் என்மேல் கோபம் வரவில்லை. படித்த பெண், பிடிவாதம், காலம் கெட்டுப் போச்சு என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து வாணி டீ டம்ளர்களோடு வந்தாள். ஒவ்வொருத்தர் முன்னாலும் ஒரு டம்ளர் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் காதில் விழுந்திருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சாயந்திரம் உனக்குப் போன் செய்து அதே பொய்யைச் சொன்னேன். ஒரு முறை சொன்ன பொய் இரண்டாவது முறை தானாக வருகிறது.

உன் கல்யாணத்துக்காக அவளை ஒரு தடவை கொடுத்தேன். என் மானத்துக்காக இன்னொரு தடவை கொடுத்தேன். இரண்டு தடவையும் அவளைக் கேட்கவில்லை. பிழை என் பெயரில் எழுத வேண்டியது, ஆறு வருஷமாக அவள் பெயரில் இருக்கிறது.

அன்று இரவே நீ அவளைப் போனில் கூப்பிட்டு, "ஏண்டி இப்படிப் பண்ண? எனக்காக ஒன்னு செய்யக் கூடாதா?" என்று கேட்டாய். அவள் பதில் சொல்லவில்லை. குற்றம் செய்தவள் பேசாமல் இருக்கிறாள் என்று நீ எடுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு அவளுக்குக் கல்யாணம் பேசினபோது, இந்த முறை மூன்று தடவை கேட்டேன், கேட்டுவிட்டு ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் கல்யாணத்துக்கு நீ முகூர்த்த நேரத்துக்கு வந்து, மொய் எழுதுகிற மேஜை ஓரம் நின்று, பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிப் போனாய். மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போட உன் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். மாமன் மகன்தான் வந்து போட்டான். மேடையில் அவள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அப்போதாவது நான் மைக்கைப் பிடுங்கிச் சொல்லியிருக்க வேண்டும். ஐயர் அட்சதை கொடுத்தார், போட்டேன்.

உனக்கு நடந்ததும் சின்ன நஷ்டம் இல்லை. நீ ஆசைப்பட்ட பெண் உனக்குக் கிடைக்காமல் போனது என் முடிவால்தான். அந்த முடிவுக்காக நான் வருத்தப்படவில்லை, ஆனால் அதை உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லாததற்காக வருத்தப்படுகிறேன். சொல்லியிருந்தால் நீ என்னைத் திட்டியிருப்பாய். ஒருவேளை நீயே, "தங்கச்சிய வெச்சு எனக்கு ஒரு கல்யாணம் வேணாம்பா" என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சந்தர்ப்பத்தையும் உனக்கு நான் கொடுக்கவில்லை. இதை எழுதும்போதுதான் அது எனக்கு உறைக்கிறது.

அந்த சீசன் எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கதை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கேட்காமல் அனுப்பப்பட்ட அந்தப் பந்து வீசுகிற பையன், புது ஊரில் ஆவணிக் கடைசியில் ஒருத்தனும் அடிக்காமல் ஒரு முழு ஆட்டத்தை வீசி முடித்தான். நான் மூன்று மணி நேரம் வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் டோரிஸ் அம்மா அழுதார், வேறு ஊர்ச் சட்டையில் இருந்தாலும் அவர் பையன்தானே. வேண்டாம் என்று சொன்ன பெரியவர் அந்தத் தோற்ற டீமிலேயே இருந்தார். சீசன் முடிகிற வாரத்தில், அந்த டீமின் வரலாற்றிலேயே அதிக அடி அடித்தவர் என்கிற பெயர் அவருக்கு வந்தது. ஊரே எழுந்து நின்று கை தட்டியது லேப்டாப்பில் இரைச்சலாகக் கேட்டது. டோரிஸ் அம்மா மட்டும், "இருந்தாலும் போயிருக்க வேண்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே நோட்டில் குறித்தார். போனவனும் கெட்டுவிடவில்லை, இருந்தவரும் கெட்டுவிடவில்லை. உனக்கும் இப்போது நித்யா வந்திருக்கிறாள், நீயே பார்த்து நீயே பேசி. எது நடந்தாலும் மனிதர்கள் பிழைத்துக்கொள்வார்கள். அதற்காகக் கேட்காமல் விட்டுவிடலாம் என்று ஆகாது.

நித்யா விஷயத்தில் இந்த ஒன்றை மட்டும் மனதில் வை. அவள் சரி என்று சொன்னதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதே. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார். அந்த முகத்துக்குப் பயந்து ஒருத்தி சரி சொல்கிற வீடாக உன் வீடு இருக்கக் கூடாது. நம் வீடு அப்படி இருந்தது. அம்மாவிடம் கேள், அவளிடம் இதற்கு ஒரு பெரிய பட்டியலே இருக்கும்.

நேற்று மத்தியானமே செங்கம் பஸ்ஸைப் பிடித்தேன். வாணி அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பரீட்சைத் தாள்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குக் கூடத்தில் என்ன சொன்னேன், உன்னிடம் போனில் என்ன சொன்னேன், எல்லாம். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஒரு தாளைத் திருத்தி முடித்து மார்க் போட்டாள்.

"தெரியும்பா" என்றாள். "டம்ளரு எடுத்துகினு வந்தேன் இல்ல, கதவாண்டவே கேட்டுது."

"பின்ன ஏம்மா அவன்கிட்ட சொல்லல? ஆறு வருஷம் ஏம்மா சும்மா இருந்த?"

"சொன்னா உன்கிட்டப் பேச மாட்டான். அண்ணனுக்கு அவ்ளோ கோவம் அப்ப. எங்கிட்டப் பேசாம இருந்தா நான் தாங்கிக்குவேன். நீ தாங்க மாட்டப்பா."

இதைச் சொல்லிவிட்டு டீ வைக்க எழுந்து போனாள். பெற்ற பெண் வீட்டில், கணக்குப் பரீட்சைத் தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். டோரிஸ் அம்மா தியாகம் தியாகம் என்று மேஜையைக் குத்தினாரே, அது இரண்டு முறை நம் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது. இரண்டாவது எனக்கே நேற்றுதான் தெரியும்.

சரவணா, அச்சகத்தில் நாளைக்குப் பெயர்ப் பட்டியலோடு வரச் சொன்னார்கள். நான் போகப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ ஓசூரிலிருந்து நேரே செங்கத்துக்குப் போ. வழியில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் வாங்கிக்கொள். என் பெயரைச் சொல்லாதே, அப்பா அனுப்பினார் என்று ஆரம்பிக்காதே. முதல் முடிச்சு உன் கை, மற்ற இரண்டையும் நீ போடுகிறாயா என்று அவளைக் கேள். அவள் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம். சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல், அவள் வைக்கிற டீயைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வா. அங்கிருந்து கிளம்பியதும் எனக்குப் போன் செய்யத் தோன்றாவிட்டால் செய்யாதே. ஆறு வருஷம் அவள் என் இடத்தில் நின்று தாங்கினாள். இனி நான் தாங்குகிறேன்.

அப்பா